கூரைக்கு ஒரு மடிப் பிச்சை

நன்கொடை வசூலிக்க வருகிறவனைத் தெருமுனையில் கண்டதுமே நல்ல மனிதர்களுக்குக்கூடக் குளிக்கிற நேரம் வந்துவிடும். ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஐயா குளிக்கிறாங்க" என்ற பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. கொடைக்கானலில் தர்மப் பணத்தில் நடந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. குழந்தைகளுக்கென்று தனி வார்டு கட்டத் தொடங்கி, சுவர் எழும்பியதோடு பணம் தீர்ந்துவிட்டது. ஐந்து குழந்தைகள் பழைய கட்டடத்து வராந்தாவில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தார்கள். மலைக்காற்றுக்குச் சாக்கு எந்த மூலைக்கு? டாக்டரம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஐப்பசி மழைக்குள்ள கூரை ஏறலேன்னா இந்த அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடணும். அனுப்பினா எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க." ஆஸ்பத்திரியிலேயே அதிகம் பேசுகிறவன் நான்தான் என்பதால் வசூல் வேலை என் தலையில் விழுந்தது.

பளிங்குக் கல்

முதலில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்ட முதலாளியிடம் போனேன். ஜீப் அனுப்பி அழைத்துக்கொண்டார். அருமையான காப்பி கொடுத்தார். குழந்தைகள் கதையைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரியம் முடிந்தது, கூரை ஏறிவிட்டது என்றே நான் மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வார்டின் வாசல் எந்தத் திசை, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவர் எது என்று விசாரித்தார். நான் உற்சாகமாகப் படமே போட்டுக் காட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேர் வெட்டுற பளிங்குக் கல்லு செலவு முழுக்க என்னோடது. கூரைய மட்டும் நீங்க வேற யார்ட்டயாச்சும் பாத்துக்கங்க."

போளூர்க் கதவுகள்

பெரிய மனிதர்கள் வேண்டாம் என்று மேல்மலைக்குப் போனேன். பாதி வழி லாரி, மீதி வழி கால். அங்கே போளூர் என்கிற மலைக் கிராமத்தில் ஆட்கள் முகம் மலர்ந்துதான் வரவேற்றார்கள். உட்காரப் பலகை போட்டார்கள். சரி என்று ரசீதுப் புத்தகத்தை விரித்து, பேனாவைத் திறந்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டிலும் அப்படியே. நான்காவது வீட்டில் நான் படியேறும் முன்பே தாழ் போடும் சத்தம் கேட்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குழந்தைகளுக்காகக் கேட்கிறேன், எனக்கா கேட்கிறேன்? உருளைக்கிழங்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: "எங்க பேரக் காயிதத்துல எழுதிக்கிட்டுப் போன எவனும் திரும்பி வரும்போது நல்லதுக்கு வந்ததில்லங்க. அய்யா தப்பா நெனைக்காதீக, வெள்ளனே கெளம்பிருங்க."

ஒரே தெருவில் இரண்டு பேர்

அதே தெருவில் அன்று இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் சேலை, வெறுங்கால், முந்தானையை முன்னால் ஏந்திப் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்த முகம். பக்கத்துக் கிராமமான கிளாவரையின் வெள்ளையம்மா. எங்கள் வராந்தாவில் கிடந்த ஐந்து பேரில் நெஞ்சுச் சளி முற்றி மோசமாக இருந்த ஆறு வயசுப் பொன்னுத்தாயின் தாய். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று மடிப் பிச்சை எடுத்துப் பழனி முருகனுக்குச் செலுத்த நேர்ந்திருந்தாள். என்னைக் கண்டு சாத்திய கதவுகள் அவளைக் கண்டு திறந்தன. பூண்டு, கிழங்கு, சில்லறை என்று மடி கனத்துக்கொண்டே போனது. பொறாமை என்றால் பொறாமைதான், மறைப்பானேன்?

அதைக் கூரைக்குக் கொடுத்துவிடேன் என்றேன். பதறிப் பின்வாங்கினாள். "அய்யோ, இது சாமிக்கு நேந்ததுங்க. ஒரு பல்லுப் பூண்டு கொறஞ்சாலும் எம் மகளுக்கு ஆகாது." எனக்கு வாய் நீளம். "சாமிக்குக் கூரை இருக்கு, உன் மகளுக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன். அவள் கோபப்படவில்லை. என் கக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொஸ்தகத்த உள்ள வச்சிட்டு, தோள்ல கெடக்குற துண்ட விரிச்சுக் கேளுங்க. நீங்க எசமான் கணக்கா நின்னா அவுக என்னத்தப் போடுவாக?"

மொட்டைத் தலை

துண்டை விரிக்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். வெள்ளையம்மா மலையிறங்கி நடந்தே பழனிக்குப் போனாள். இங்கே பொன்னுத்தாய்க்கு மூச்சு இழுத்தது. டாக்டரம்மா தன் அறையைக் காலி செய்து, கரியடுப்பு வைத்து, பிள்ளையை அங்கே போட்டு, தானும் நாற்காலியிலேயே கிடந்தார். ஊசிமருந்தோ, அடுப்புச் சூடோ, முருகனோ, யார் வேலை என்று எனக்குத் தெரியாது. ஆறாம் நாள் காலை பிள்ளை கஞ்சி கேட்டது.

பத்தாம் நாள் தாய் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்தாள். பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் வாசலில் விழுந்து கும்பிட்டாள். பிறகு கூரையில்லாத சுவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "உன் மகளுக்குத்தான் குணமாயிருச்சே, இன்னும் என்ன பார்க்கிறே?" என்றேன். வராந்தாவில் இருந்த மற்ற நாலு கட்டில்களையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முருகன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னொரு தடவ மடியேந்துவேன், அது இந்தக் கூரைக்குன்னு நேந்துட்டேன்."

பரண் மேல் இருந்தது

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் ஏற, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கிளாவரைக்குப் போனேன். விளைந்த பூண்டையெல்லாம் விற்றுச் செலவழித்து ஊர் காய்ந்து கிடந்த சமயம். முதல் வீட்டு வாசலில், பிள்ளைகள் வார்டுக் கூரைக்கு என்று சொல்லி அவள் மடியை ஏந்தினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று நானும் துண்டை விரித்தேன்.

வீட்டுக்காரி எங்கள் இருவரையும் பார்த்தாள். உள்ளே போய் அடுப்புக்கு மேலே பரணிலிருந்து, புகையேறிக் கறுத்த பூண்டுக் கட்டு இரண்டை இறக்கி, மடியில் ஒன்றும் துண்டில் ஒன்றும் வைத்தாள். வெள்ளையம்மா அழ ஆரம்பித்தாள். எனக்குக் காரணம் புரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது: அது விதைப் பூண்டு. பட்டினி கிடந்தாலும் அந்த ஊரில் யாரும் அதில் கை வைக்க மாட்டார்களாம். அடுத்த வீட்டிலும் அதையே இறக்கினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஒருவரும் பெயர் எழுதச் சொல்லவில்லை, ரசீது கேட்கவில்லை.

மூன்று மட்டக் குதிரைகள் மேல் மூட்டை ஏறியது. கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஊர்த் தலைவரிடம், "அடுத்த மாசம் விதைக்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளைக இருந்தாத்தான வெதைக்க ஆளு இருக்கும்? பேசிக்கிட்டு நிக்காதீக, மழைக்கு முன்ன வெரசா எறங்குங்க."

விதைப்பு நெருங்கிய காலமாதலால் விதைப் பூண்டுக்கு வத்தலக்குண்டில் நல்ல விலை கிடைத்தது. ஐப்பசியின் முதல் மழை தகரக் கூரை மேல் இறங்கியபோது நாலு குழந்தைகளும், பொன்னுத்தாயின் கட்டிலுக்குப் புதிதாக வந்த ஒரு பயலும் கீழே காய்ந்த கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் வசூல் வேலை பார்த்தேன், கேட்கத் தெரிந்தவள் என்று ஒருத்தியைத்தான் கண்டேன், சம்பளம் மட்டும் மாசாமாசம் எனக்கு வந்துகொண்டிருந்தது.