பேர் வெட்டிய துப்பாக்கிகள்

இலஞ்சியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள் தன் பெயரைச் சுருக்குவதில்லை. மேலகரத்தில் இன்னொரு வாடகைக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கும் அதே முதலெழுத்துகள். சில அண்டாக்கள் கடை மாறிப் போனபின் இவர் முழுப் பெயரையும் வெட்டத் தொடங்கினார். அண்டாவில் பிரச்சினை இல்லை. சாம்பார் வாளியிலும் இடம் இருந்தது. கரண்டியில்தான் சிரமம். பெயர் காம்பில் தொடங்கி, வளைந்து, குழிக்குள் இறங்கி முடியும். ரசம் தீர்ந்ததும் அடியில் ‘மாள்’ தெரியும்.

பேர் இல்லாத பண்டம் பந்திக்குப் போனால் திரும்பாது. அவருடைய தொழில் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது. நாற்காலியில் பெயின்ட், ஜமுக்காளத்தில் மை, பித்தளையில் வெட்டு.

தென்காசி வட்டாரத்தில் அவர் போகாத கல்யாணம் குறைவு. ஆனால் எந்தக் கல்யாண வீடியோவிலும் அவர் இல்லை. கேமரா பந்திக்கு வரும்போது அவர் அடுப்படியில் கரண்டி எண்ணிக்கொண்டிருப்பார். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் ஆல்பத்தில் மட்டும் அவருடைய முழங்கை வந்திருந்தது. மனைவி வடிவம்மாள்தான் கண்டுபிடித்தாள். “இந்தா இருக்கீகல்லா” என்றாள். அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அதன்பின் எந்த ஆல்பத்தையும் புரட்டவில்லை.

போன ஆனியில், சாரல் தொடங்கிய சமயம், குற்றாலத்துக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. அறுபதுகளில் நடக்கும் ரவுடிக் கதை. சிரிப்புப் படம். குத்துவிளக்கு, தாம்பாளம், மர நாற்காலி எல்லாம் பெருமாள் கடையில் எடுத்தார்கள். எடுத்தவள் கிறிஸ்டி. சென்னைப் பெண். படத்துக்கு வேண்டிய பொருட்கள் அவள் பொறுப்பு. தனியாகப் பொறுப்பேற்ற முதல் படம்.

சாமான் இறக்கப் போன இடத்தில் இயக்குநர் பெருமாளைப் பார்த்தார். இளைஞர். நாற்காலியை எண்ணிக்கொண்டிருந்த முகத்தை இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார்.

“இவர் சிரிப்பாரா?” என்று கிறிஸ்டியிடம் கேட்டார்.

“நான் பாத்ததில்ல சார்.”

“அப்ப இவர்தான்.”

வில்லன் நாற்காலியில் இருப்பான். அவனுடைய அடியாளாகப் பெருமாள் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவனிடம் கொடுக்க வேண்டும். வசனம் கிடையாது. முகம் கிட்டத்தில் தெரியும்.

சாயங்காலத்துக்குள் இலஞ்சி முழுவதும் தெரிந்துவிட்டது. வடிவம்மாள் பாவூர்சத்திரத்துச் சொந்தங்களுக்குப் போன் போட்டாள். அவளுடைய தம்பி இசக்கிராஜா போலீஸ்காரன், லீவில் வந்திருந்தான். “அத்தான், துப்பாக்கிய காம்பப் பிடிச்சுத் தூக்காதிய. அது சட்டுவம் இல்ல” என்றான். பெருமாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை முழங்கை இல்லை, முகம்.

துப்பாக்கிகள் ஒரு டிரங்குப் பெட்டியில் வந்தன. பழைய காலத்து ரிவால்வர்கள், ஒரு இரட்டைக்குழல், வட்ட டப்பா வைத்த பெரிய துப்பாக்கி ஒன்று. சில இரும்பு வார்ப்பு, சில ரப்பர். எதுவும் சுடாது. கம்பெனி தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“சுடாதுன்னு எனக்குத் தெரியுது மேடம். பக்கத்து ரூம்காரனுக்கும் தெரியணும்லா.”

கிறிஸ்டி பெட்டியைப் பெருமாளின் குடோனுக்குக் கொண்டுவந்தாள்.

“எல்லாம் சென்னைல வாடகைக்கு எடுத்தது அண்ணாச்சி. ஒண்ணு குறைஞ்சாலும் என் வேலை போயிரும். உங்க சாமான் மாதிரி பாத்துக்கங்க.”

“கவலைப்படாதம்மா.”

மறுநாள் மழை. ஷூட்டிங் இல்லை. அதற்கு மறுநாளும் மழை. பெருமாள் குடோனுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றிலும் பேர் இல்லை. இவை ஐம்பது அறுபது பேர் கூடும் இடத்துக்குப் போகப்போகின்றன. போனில் பிச்சையாவைக் கூப்பிட்டார். பிச்சையா தென்காசிப் பாத்திரக் கடைகளுக்குப் பேர் வெட்டுகிறவன். கரண்டில் ஓடும் ஊசியோடு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

“என்ன அண்ணாச்சி, தொழில மாத்திட்டீகளா?”

“வெட்டும்வே.”

“எந்தக் கல்யாணத்துக்கு?”

“சினிமாவுக்கு.”

பிச்சையா ஒரு ரிவால்வரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். “அப்ப ஊர்ப் பேரும் போட்டுருவோம். இது மெட்ராஸுக்குப் போயிட்டா அங்கன யாருக்கு ஒம்மத் தெரியும்?”

நியாயமாக இருந்தது. குழல் நுனியில் ‘சிவ’ தொடங்கியது. தோட்டா உருளை மேல் ‘னணைந்த’ ஏறி இறங்கியது. அதன் பின்னால் ‘பெருமாள்’, பிடியில் ‘இலஞ்சி’. கடைசியில் பிச்சையா தன் கணக்கில் ஒரு பூ போட்டான். எல்லாவற்றிலும் இடது பக்கம். அவன் கைக்கு அதுதான் வாட்டம். ரப்பர் துப்பாக்கியில் ஊசி ஓடவில்லை. அதற்கு வெள்ளை பெயின்ட்.

மழை விட்ட அன்று காலையில், குற்றாலத்துப் பழைய பங்களா ஒன்றில், கிறிஸ்டி பெட்டியைத் திறந்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி. என்ன இது?”

“இனி ஒண்ணும் தொலையாது” என்றார் பெருமாள். கட்டம் போட்ட சாரத்தை இடுப்பில் கட்டி, கைவைத்த பனியனோடு அவர் வேஷத்தில் நின்றார். பங்களா வாசலில் வேனில் வந்து இறங்கிய பாவூர்சத்திரத்துச் சொந்தங்கள் குடைகளோடு நின்றார்கள்.

கிறிஸ்டி ஷூ பாலிஷை எடுத்து எழுத்துகளின் மேல் தேய்த்தாள். வில்லன் நடிகர் வாங்கிப் பார்த்தார். பாலிஷ் அவருடைய வெள்ளை ஜிப்பாவுக்கு வந்துவிட்டது. எழுத்து துப்பாக்கியிலேயே இருந்தது.

இயக்குநர் ஒன்றைக் கையில் எடுத்து, நுனியிலிருந்து பிடிவரை வாய்விட்டு வாசித்தார்.

“யாரு சிவனணைந்தபெருமாள்?”

“நாந்தான் சார்.”

“சார், கதை நடக்கிறது சென்னைல. அறுபத்தி ரெண்டு. அந்த ரவுடி கையில இலஞ்சி எப்படி சார் வரும்?”

பெருமாள் யோசித்தார். “வாடகைக்குப் போயிருக்கும் சார்.”

வேறு துப்பாக்கி சென்னையிலிருந்து வர நேரமில்லை. வில்லன் நடிகர் கொடுத்த நாட்கள் அன்றோடு முடிகின்றன. சண்டைக் காட்சியில் பயமில்லை, ஓட்டத்தில் எழுத்து தெரியாது. துப்பாக்கியைக் கொடுக்கும் இடம் மட்டும்தான் கிட்டத்தில். பெருமாளைக் குழலைப் பிடித்து நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வலது கையில் பிடித்தால் பேர் அப்படியே தெரிந்தது. இடது கையில் பிடித்தால் உள்ளங்கைக்குள் போய்விட்டது.

“முடிஞ்சுது. இடது கையால குடுங்க” என்றார் இயக்குநர்.

முதல் தடவை பெருமாள் இடது கையால் எடுத்தார். வில்லன் பக்கத்தில் போனதும் துப்பாக்கி வலது கைக்கு மாறியது. இரண்டாம் தடவையும் மாறியது. மூன்றாம் தடவை மாறவில்லை. ஆனால் வலது கையும் கூடவே போய் இடது முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அர்ச்சனைத் தட்டு வாங்குகிறவர் மாதிரி இருந்தது.

“என்ன சார் ஆச்சு?”

“கை போகமாட்டேங்குது சார்.”

“அவர் வில்லன் சார். கெட்டவன்.”

“அவுக மொதலாளியில்லா? நான் அவுக கிட்ட சம்பளம் வாங்குத ஆளு. எடது கையால எப்படி?”

குடைகளுக்கு நடுவிலிருந்து வடிவம்மாள் சொன்னாள்: “சார், அவுக எடது கையால யாருக்கும் ஒரு கருவேப்பில குடுத்ததில்ல.”

நான்காவதும் ஐந்தாவதும் போயின. மேகம் மறுபடி மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது இயக்குநர் கண்ணில் இசக்கிராஜா பட்டான். அவன் ஓரமாக நின்று, டிபனுக்கு வந்த வாழைப்பழம் ஒன்றை இடது கையால் காற்றில் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசையை முறுக்கியிருந்தான்.

“அந்த மீசை யாரு?”

“என் மச்சினன் சார்” என்றார் பெருமாள். குரல் இறங்கியிருந்தது.

“இன்னும் ஒரு தடவை பாப்போம். வரலைன்னா அவரு.”

இசக்கிராஜா பழத்தைக் கீழே வைத்தான். “அத்தான், தப்பா நெனைக்காதிய. கலைக்காகத்தான்” என்று சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

“போடுலே பொத்தான” என்றாள் வடிவம்மாள்.

பெருமாள் ஒரு நிமிஷம் கேட்டார். செட்டின் மூலையில் அவருடைய சாமான்கள் அடுக்கியிருந்தன. அங்கே போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, சாரத்தால் துடைத்தார். ரிவால்வரைப் பேர் கீழே இருக்கும்படி அதன்மேல் படுக்க வைத்தார். பிடியை வில்லன் வாங்க வாகாகத் திருப்பினார். கிறிஸ்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இயக்குநர் கையமர்த்தினார்.

கேமரா ஓடியது. பெருமாள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நடந்து வந்தார். முகம் சற்றும் மாறவில்லை. கொடூரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த வில்லன் நடிகர், தட்டு நெஞ்சுக்கு நேரே வந்ததும் அனிச்சையாக எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

பெருமாள் போகவில்லை. சாமான் கைமாறிவிட்டது, முறை ஒன்று பாக்கி இருந்தது.

“எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி” என்றார்.

வில்லன் குனிந்து தட்டைப் பார்த்தார்.

“ஒண்ணு” என்றார்.

பெருமாள் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். இயக்குநர் கட் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். லைட்மேன் ஒருவர் மழைக்குக் கட்டியிருந்த பந்தலைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதில், அதில் தேங்கிய சாரல் தண்ணீர் எல்லார் மேலும் கொட்டியது. முதலில் சத்தமாகச் சிரித்தது கிறிஸ்டி. பெருமாள் மட்டும் சிரிக்காமல், இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“ஓகே” என்றார் இயக்குநர் கடைசியில். பிறகு பெருமாள் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போனார். இனி இந்தக் கும்பலில் துப்பாக்கி எப்போது கைமாறினாலும் தட்டில்தான். தட்டைக் கொண்டுவருவது இவர்தான். நாளைக்கும் வர வேண்டும், மறுநாளும்.

“முகம் தெரியும்லா சார்?” என்று பெருமாள் கேட்டார்.

“முகம்தான் சார் தெரியும்.”

பெருமாள் திரும்பி வந்தார். வடிவம்மாள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள். நாளைக்கு இலத்தூரில் ஒரு கல்யாணம் இருந்தது. முந்நூறு பேர் பந்தி.

“மாப்ள” என்றார் இசக்கிராஜாவிடம். “லீவு இன்னும் இருக்குல்லா?”

“இருக்கு அத்தான். ஏன், அவரு என்னயவும் கேட்டாரா?”

“காலைல அஞ்சு மணிக்கு ஆட்டோ வரும். சாமானோட ஏறிக்கோ. கரண்டிய மட்டும் விட்டுராத, பொண்ணு வீட்டுக்காரங்க கைக்குப் போனா திரும்பாது.”

மறுநாள் மத்தியானம் இசக்கிராஜா போலீஸ் மீசையோடு அடுப்படியில் குத்தவைத்து எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு கரண்டி குறைந்தது. சமையல்காரரைத் தனியாக அழைத்து, நேற்று இரவு எங்கே இருந்தீர் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.