சைப்பிரசில் ஏழு நாள்

காலை பஸ்ஸில் என்னோடு வரும் அண்ணை, இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் இருக்கமாட்டார். நரைத்த மீசை, காலில் பேக்கரி மாப் படிந்த சப்பாத்து, தான் இறங்கும் மோர்னிங்சைட் நிறுத்தம் வரை கம்பியைப் பிடித்தபடியே நிற்பார். இருந்தால் நித்திரை வந்து இறங்குமிடம் தவறிவிடுமாம்.

கனடாவுக்கு வரும் வழியில், இளவயதில், சைப்பிரசில் ஒரு வருடம் தங்கியவர். அந்தக் கடலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகம் வெளிக்கும். இந்தக் கோடையில் குடும்பத்தோடு அங்கே போய்வந்தார்.

“கடலில நல்லா நீந்தினீங்களோ அண்ணை?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. மனுசியும் பிள்ளையளும்தான் போனவை. நான் ஏழு நாளும் அறைக்குள்ள நித்திரை கொண்டனான்.”

“அவ்வளவு தூரம் போயுமோ?”

“இஞ்சை ரெண்டு வேலை. வீட்டில படுத்தாலும் கண் மூடுதில்லை. அங்கை யன்னலைத் திறந்துவிட்டன், அலைச் சத்தம் கேட்டுது. அது காணும், நித்திரை வந்திட்டுது.”

பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினேன்.

“இருங்கோ அண்ணை, உங்கட இடம் வர நான் எழுப்பிறன்.”

சிரித்தார். கம்பியை விடவில்லை.