குழந்தைவேலின் புகை வராத வீடு

மலைமேல் இருக்கிற கிளாவரையில் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால் போதும். தகரமும் ஓடும் போட்ட வீடுகளுக்கு நடுவே, மாம்பழக் கலரில் மாடியும் போர்ட்டிகோவுமாக ஒரு வீடு நிற்கும். அது குழந்தைவேல் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. இதை அவரே சொல்லிவிடுவார் என்பதால் ஊரில் மற்றவர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

அடுத்தவர் தோட்டத்தில் கேரட் மூட்டை சுமந்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டார் என்று சொன்னால் கூடுதலாக ஒரு டீ கிடைக்கும். குத்தகைத் துண்டில் பூண்டு போட்டு, காட்டுப் பன்றிக்கும் காட்டெருமைக்கும் காவல் கிடந்து, தம்பி இராமலிங்கத்தை ஆளாக்கி, இரண்டு மகன்களுக்குக் கல்யாணம் முடித்து, பதினாலு பேர் ஒரே உலையில் சாப்பிடுகிற குடும்பத்தை நடத்துகிறார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படி ஒரு குடும்பத்தை ஒரு வாரம் நடத்திக் காட்டட்டும், பார்க்கலாம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மதுரையில் ஒரு பூண்டு வியாபாரி அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற வரை. அந்த வீட்டுச் சமையலறைச் சுவர் வெள்ளையாக இருந்தது. சமையல்கட்டுச் சுவருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறமும் உண்டு என்பது குழந்தைவேலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் எஞ்சினியரைப் பிடித்தார்.

எஞ்சினியர் கீழ்நாட்டுக்காரர்தான் என்றாலும் விவரமானவர். "பூண்டு கட்டித் தொங்கவிட அடுப்புக்கு மேல பரண் வேணாமாங்கய்யா?" என்று கேட்டார்.

"நான் வீடு கட்டுறேனா, குடோன் கட்டுறேனா?" என்றார் குழந்தைவேல்.

சித்திரையில் பால் காய்ச்சினார்கள். சித்திரை வெயிலில் எந்த வீடுதான் நன்றாக இருக்காது? பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த பழைய மண் அடுப்பைக் காட்டி, வந்திருந்த சொந்தபந்தம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "இனிமே நம்ம வீட்டுச் சமையலு கேஸ்லதான். அந்தப் பழைய அடுப்புல யாராச்சும் சோறு ஆக்குனா, அதுல ஒரு பருக்கை என் வாயில படாது. இது குழந்தைவேலு வாக்கு."

கை தட்டினார்கள். அவர் மனைவி அன்னக்கொடி மட்டும் தட்டவில்லை. அவள் கையில் பால் சட்டி இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மலைக்கு ஐப்பசி என்றால் என்னவென்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. வெள்ளனே எழுந்தால் மஞ்சு என்கிற மூடுபனி, மத்தியானம் மழை, சாயங்காலம் இரண்டும். உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட துணி மூன்று நாள் கழித்து, போட்டதைவிடக் கூடுதல் ஈரமாக இருக்கும். இந்த நேரம் பார்த்துத்தான் எடுத்த பூண்டு வீட்டுக்கு வந்திருக்கும். பூண்டைக் கற்றை கற்றையாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, புகை காட்டினால்தான் அது கெடாமல் நிற்கும். கிளாவரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். குழந்தைவேலுக்கும் தெரியும். வீடு கட்டும்போது மட்டும் தெரியாமல் போயிற்று.

மாடி அறையில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னார். சன்னலைத் திறந்து வைத்து, கீழே டேபிள் ஃபேனைச் சுழல விட்டார். சன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து நன்றாகக் காற்று வாங்கியது. நான்காம் நாள் கரண்டும் போனது.

மூத்த மருமகள் பாண்டிச்செல்வி இரண்டு பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, நமுத்துப் போச்சு. இப்பிடியே விட்டா மாடியிலயே தோட்டம் போட்டுரலாம்."

அவர் பூண்டை அமுக்கிப் பார்த்தார். பூண்டு அமுங்கிக் கொடுத்தது.

"சரி, பூண்டுக்கு மட்டும் பழைய அடுப்பைப் பத்த வைங்க. சோறு ஆக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

பூண்டுக்குத் தீ மூட்டினார்கள். தீ சும்மாதானே எரிகிறது என்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைச் சுற்றிலும் காயப்போட்டார்கள். சும்மாதானே எரிகிறது என்று குளிக்க வெந்நீர் வைத்தார்கள். சும்மாதானே எரிகிறது என்று ஒரு சட்டி கொள்ளை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பதின்மூன்று பேரும் பழைய அடுப்படியில். பெரிய வீட்டில் குழந்தைவேலும் எட்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையும்.

அவருக்கென்று கேஸ் அடுப்பில் தனியாகச் சமைத்தாள் இளைய மருமகள் ஜெயப்பிரியா. பழனி டவுன் பிள்ளை. கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பம், மரியாதை தெரிந்தவள். தட்டை வைத்துவிட்டு, "வேற ஏதாச்சும் வேணுமா மாமா?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். காலில் ஏற்கெனவே செருப்பு மாட்டியிருக்கும்.

பளிங்குத் தரையின் குளிர் கால் வழியாக ஏறி முட்டியைப் பிடிக்கும். கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தன் சம்பாத்தியத்தில் வளர்ந்த கூட்டம் தன்னை விட்டுவிட்டுச் சிரிக்கிறது என்பதுதான் அவருக்குப் பருப்போடு சேர்ந்து இறங்க மறுத்தது. போய் நடுவில் உட்கார ஆசைதான். வாக்கு அல்லவா குறுக்கே படுத்துக் கிடக்கிறது.

உடம்பெல்லாம் புகை வாடையோடு வந்தார் இராமலிங்கம். "அண்ணே, ஒங்க வீட்டுல நல்ல காத்தோட்டம்ணே. ஊட்டிக்கெல்லாம் எதுக்குப் போகணும்?"

"ஏலே, இது ஒன் வீடும்தான்டா."

"இருக்கட்டும்ணே. நான் அங்கன கொஞ்சம் சோலியா இருக்கேன்."

பிறகு மழை வலுத்து ரோட்டில் மண் சரிந்தது. சிலிண்டர் ஜீப் வரவில்லை. இருந்த சிலிண்டரும் குழந்தைவேலின் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடியது.

அன்று முழுக்க அவர் தீபாவளி மிச்ச முறுக்கையும், ஜெயப்பிரியா வீட்டுச் சீராக வந்த பஞ்சாமிர்தத்தையும் வைத்துக் காலம் தள்ளினார். முருகன் கைவிடவில்லை. ஆனால் மூன்று வேளையும் பஞ்சாமிர்தம் என்றால் முருகனே யோசிப்பார்.

அன்னக்கொடி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "ஏங்க, சுடுசோறு கெடக்கு, கொள்ளு ரசம் கெடக்கு. வந்து சாப்பிட்டா யாரு ஒங்களைக் கேக்கப் போறா?"

"நாலு பேரு முன்னால சொன்ன வாக்குடி."

"அந்த நாலு பேரும் அவங்கவங்க வீட்டுல சுடச்சுடத் தின்னுட்டுத்தான் இருக்காங்க."

மறுநாள் விடிந்ததும் குழந்தைவேல் மண்வெட்டியோடு கொட்டகைக்குள் போனார். பழைய அடுப்பில் ஆக்கியதைத்தானே தொடமாட்டேன் என்றார்? பழைய அடுப்பே இல்லை என்றால்? யோசனை வந்த வேகத்தில் அடுப்பை இரண்டே வெட்டில் பெயர்த்துவிட்டார்.

"மாமா! மேல பூண்டு!" என்று கத்தினாள் பாண்டிச்செல்வி.

"பதறாதே. மத்தியானத்துக்குள்ள புது அடுப்பு. இந்தக் கை போடாத அடுப்பா?"

செம்மண் குழைத்தார். கல் வைத்தார். பூசினார். உண்மையிலேயே அழகான அடுப்பு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசியில் ஈர மண் காய்வதற்கு எவ்வளவு நாளாகும் என்று எந்த அழகும் கேட்டுக்கொள்வதில்லை. விறகை வைத்துப் பற்ற வைத்தார். அடுப்பு ஆவி விட்டது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மிகவும் களைத்துப் போனவரைப் போல உட்கார்ந்துவிட்டது. கொட்டகைத் தரை முழுக்கச் சேறு.

இப்போது கேஸ் இல்லை, அடுப்பும் இல்லை. பதினாலு பேரும் பட்டினி. இராமலிங்கம் சேற்றில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக நின்று, "அண்ணே, இப்பத்தான் குடும்பம் மொத்தமும் ஒண்ணா இருக்கோம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. சின்னதுகள் அழ ஆரம்பித்தன.

அன்னக்கொடி சேலையைத் தூக்கிச் செருகினாள். சுற்றிலும் பார்த்தாள். மேலே கூரையும் புகை போகக் காற்றும் இருந்து, நனையாமல் கிடந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

"மூணு கல்லை எடுத்துட்டு வாங்கடி. வெரசா."

"எங்கத்தே?" என்றாள் ஜெயப்பிரியா.

"போர்ட்டிகோவுக்கு."

குழந்தைவேலின் வாய் திறந்தது. ராஜஸ்தான் கல் என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்ற பளபளப்புத் தரை அது. மேலே பூ வேலைப்பாடு செய்த வெள்ளைக் கூரை. ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாதது. அன்னக்கொடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, கல் தூக்க வந்த பிள்ளையை விலக்கிவிட்டு, மூன்றாவது கல்லை அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

தீ எரிந்தது. முதல் உலை கொதிப்பதற்குள் தரைக்கல் பட்டென்று ஒரு விரிசல் விட்டது. யாரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். ஊஞ்சலுக்காகப் பதித்திருந்த கொக்கிகளில் கயிறு கட்டி, பாண்டிச்செல்வியும் ஜெயப்பிரியாவும் பூண்டுக் கற்றைகளைத் தொங்கவிட்டார்கள். புகை மேலே போய்ப் பூ வேலைப்பாட்டில் ஒவ்வொரு இதழாகத் தடவிக் கறுப்பாக்கியது. பதினாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இது பழைய அடுப்பு இல்லை என்பதைக் குழந்தைவேல் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, தட்டை நீட்டினார்.

கொள்ளு ரசம் தொண்டையில் இறங்கியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி.

அது நிலைக்கவும் இல்லை. டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஊர்க்காரர் சின்னச்சாமி குடையைச் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றார். "என்னண்ணே, புது வீட்டு மொகப்பு இப்பிடிக் கறுத்துக் கெடக்கு?"

குழந்தைவேல் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஞ்சினியருக்கு என்னய்யா தெரியும்? பூண்டுக்குப் புகை காட்ட எடம் வேணும்னு நான்தான் போர்ட்டிகோவை இம்புட்டு ஒசரமாப் போடச் சொன்னேன். இந்த மலையில வேற எவனுக்காச்சும் இந்த யோசனை வந்துச்சா?"

"வரலைண்ணே," என்றார் சின்னச்சாமி, உண்மையாகவே.

இராமலிங்கத்துக்குப் புரையேறியது. பாண்டிச்செல்வி அவர் தலையில் தட்டப் போய், சிரிப்பு தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அன்னக்கொடி மட்டும் முகத்தை அசைக்காமல் விறகை உள்ளே தள்ளினாள்.

"மாமாவுக்கு இன்னொரு கரண்டி சோறு வையிம்மா," என்றாள் ஜெயப்பிரியாவிடம். "பேசிப் பேசிப் பசிச்சிருக்கும்."