வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் ஆட்டம்

குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்குப் பம்பரம் என்று பெயர். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். சின்ன வயதில் ஆசையாய் நடனம் படித்தவள்; வேலை, கல்யாணம், இரட்டைப் பிள்ளைகள் என்று வந்ததில் அது அப்படியே விட்டுப்போயிற்று.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த நடனக் குழு ஒன்று ஊருக்கு வந்திருந்தது. அரங்குகளில் ஆடுவார்கள், பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பார்கள், ஆஸ்பத்திரிகளில் இலவசமாக ஆடுவார்கள். நச்சரித்து நச்சரித்து அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள். மதியம் வரவேண்டியவர்களைக் காணோம். வாசலுக்கும் வார்டுக்குமாக நடையாய் நடந்தாள்.

வேன் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். பெரிய சிஸ்டர் கையை விரித்துவிட்டார்.

"டாக்டருங்க வர்ற நேரம். உள்ள யாரையும் விட முடியாது."

"உள்ள வேண்டாம் சிஸ்டர். கீழ வண்டி நிறுத்துற இடத்துல ஆடட்டும். பிள்ளைங்க ஜன்னல்லேருந்து பாக்கட்டும்."

"டாக்டர் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

கீழே மேளம் அதிர்ந்தது. பாவாடைகள் சுழன்றன, பூட்ஸ் கால்கள் தரையைத் தட்டின. காலில் ஆபரேஷனாகி, யாரோடும் பேசாமல் கிடந்த மூன்றாம் கட்டில் சிறுமியைப் பம்பரம் தூக்கிவந்து ஜன்னலோரம் உட்காரவைத்தாள். சிறுமி முகம் சுளித்தாள்.

"அக்கா, அந்தத் தொப்பிக்காரர் தப்பா ஆடுறாரு. எல்லாரும் திரும்பின பிறகுதான் திரும்புறாரு."

உண்மைதான். பம்பரம் படியிறங்கி ஓடிப்போய்க் குழுத் தலைவியிடம் சொன்னாள். தலைவி சொன்னதைக் கேட்டுத் தொப்பிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான், குழுவுக்குப் புதியவனாம். 'நீயே சொல்லு' என்று சிறுமிக்குச் சைகை காட்டினான். பம்பரம் மூச்சிரைக்க மேலே வந்தபோது, சிறுமி கையை வீசிக்கொண்டிருந்தாள். வீசும்போதெல்லாம் அவன் திரும்பினான்.

"யார் பர்மிஷன் கொடுத்தது?" முதுகுக்குப் பின்னால் பெரிய டாக்டர்.

பம்பரம் பதில் சொல்லத் திரும்பினாள்.

"பேசாதீங்க டாக்டர், தாளம் தப்பிடும்" என்றாள் சிறுமி, திரும்பிப் பார்க்காமலே.

டாக்டர் பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்து கீழே எட்டிப் பார்த்தார்.

குழு கிளம்பும்போது, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் தலைவி. அதுவரை யார் காத்திருப்பது? மறுநாள் காலை பம்பரம் பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"சனிக்கிழமைல நானே சொல்லித்தரேன் சிஸ்டர். படுத்துக்கிட்டே கையால ஆடுற ஆட்டம்."

"சரி" என்றார் அவர்.

அவ்வளவு சுலபமாக அனுமதி கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற புதுக் கவலை அப்போதே பிடித்துக்கொண்டது.