குழாயில் கட்டிய எர்த்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். கிரவுண்டுக்கு, அதாவது எர்த்துக்கு, சர்க்யூட் படத்தில் மூன்று குறிகள் என்பது முதல் மாதப் பாடம். மண்ணுக்குள் போவது ஒன்று. கருவியின் இரும்பு உடம்போடு சேர்வது இன்னொன்று. மூன்றாவது, சர்க்யூட்டுக்குள் பூஜ்யம் என்று நாமாக வைத்துக்கொள்ளும் புள்ளி. அதற்கு மண்ணோடு சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. மூன்றையும் ஒன்றென்று நினைக்காதீர்கள் என்பேன்.

மயிலாப்பூரில் வாடகை வீடு. நான், கணவர், அவருடைய தங்கை. அவளுக்கு இருபத்துநாலு வயது, தி. நகரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தாள். எதுவானாலும் முதலில் என்னிடம்தான் சொல்வாள்.

அந்தக் கோடையில் வீட்டுக்காரர் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். தண்ணீர் நன்றாக வந்தது, சந்தோஷப்பட்டோம்.

ஒரு வாரம் கழித்து, மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"மன்னி, கிரைண்டரைத் தொட்டா சுருக்குனு இழுக்கறது."

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஈரக் கையோட தொடாதே. செருப்பப் போட்டுண்டு அரை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், வெறுங்காலோடு நின்று, ஓடும் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடிவந்து கணவர்தான் மெயினை அணைத்தாராம். நான் காய்கறி வாங்கித் திரும்பியபோது வாசலில் கூட்டம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன், மீட்டரிலிருந்து கிளம்பிய எர்த் ஒயரைப் பிடித்தபடியே போய்க் குழாயடியில் நின்றார்.

"எர்த்த பழைய இரும்பு பைப்புல கட்டி வச்சிருந்திருக்காங்கமா. பைப்ப மாத்தினவன் அத அப்டியே பிளாஸ்டிக்ல சுத்தி வுட்டுகிறான். கரண்ட்டு எங்க போவும்?"

மோட்டாரிலிருந்து கசிந்த மின்சாரம், மண்ணுக்குப் போக வழியில்லாமல் கிரைண்டரின் உடம்பிலேயே நின்றிருக்கிறது. பிளக்கில் மூன்று பின் இருந்ததால் எர்த் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அவர் எனக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆதம்பாக்கத்தில் வீடு கட்டினோம். சுவர் எழும்புவதற்கு முன்பே எர்த் குழி வெட்ட வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருந்தார். மின்சாரம் மண்ணில் இறங்கக் குழியில் கரியும் உப்பும் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஷாக் அடிக்கறதுன்னு அவ உங்கிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

ஆட்களிடம் இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவர் முன்னால் போய் நின்றுகொண்டார்.