கொக்கி அக்காவும் மெதுவான பாட்டுக்காரரும்

கொக்கி அக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு தையல் ஊசி. திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அவள் சேர்ந்த புதிதில், கனத்த துணி மடிப்பு மடிப்பாக மிஷினுக்குள் போய்க்கொண்டிருந்தபோது, ஊசி வழி தவறி அவளுடைய ஆள்காட்டி விரலுக்குள் நகத்தோடு இறங்கியது. விரல் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆறாதது கால். மிஷின் முன்னால் உட்காருவாள், நூலைக் கோப்பாள், துணியை வைப்பாள், எல்லாம் ஒழுங்காக நடக்கும். மிதியின் மேல் வைத்த கால் மட்டும் கல்லாகக் கிடக்கும். அடிபட்டது விரலுக்கு, வேலைநிறுத்தம் செய்தது கால். உலகத் தொழிலாளர் வரலாற்றில் இப்படியொரு அனுதாப வேலைநிறுத்தம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியவில்லை.

முதலாளியம்மா நல்ல மனுஷி. ஆளை வீட்டுக்கு அனுப்பாமல், திரைச்சீலையின் தலைப்பில் கையாலேயே கொக்கி தைக்கும் வேலையைக் கொடுத்தார். பட்டறையில் கொக்கி தைப்பது என்பது கட்சியில் ஆலோசகர் பதவி மாதிரி. நாற்காலி உண்டு, மரியாதை உண்டு, ஆனால் ஆள் கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்த பெயர்தான் கொக்கி அக்கா. பிற்பாடு கட்டிய கணவர்கூட வெளியாட்களிடம் "எங்க வீட்டுக் கொக்கி" என்றுதான் சொல்லுவார். மாட்டிக்கொண்டது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அந்தப் பட்டறையில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு பெட்டி இருந்தது. கேசட் என்று இருந்ததோ ஒன்றே ஒன்று. யாரோ ஒரு வாடிக்கையாளர் அளவுக்காகக் கொடுத்த பழைய திரைச்சீலை மூட்டைக்குள் வந்து சேர்ந்தது. தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. ஒரு மனிதர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிட்டார் வாசித்துப் பாடிய பாட்டுகள். "பாவம், உதவிக்கு ஆள் கிடைக்கலை போல" என்றார் முதலாளியம்மா. குரல் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல அவ்வளவு ஆழம், அவ்வளவு நிதானம். அதில் ஒரு பாட்டு, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஒருவன் பாடுவது. அவசரமாகப் போகிறவர்கள் எல்லாம் போகட்டும், நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்பான். அடுத்த பஸ் வரும். அதையும் விட்டுவிடுவான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாட்டு மெதுவானதல்ல. பெட்டிக்குள்ளே சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. கேசட் பாதி உயிரில் ஓடியது. குரல் இறங்கியது, பாட்டு இழுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கேசட் இல்லாததால் பட்டறையில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆழ்ந்த குரல், பெரிய மனிதர், பீரோ அளவுக்கு இருப்பார் என்று ஆளாளுக்கு மனத்தில் உருவம் வரைந்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மதியம் கொக்கி அக்காவின் மேஜை மேல் யாரோ துணியைப் பரப்பிவிட்டார்கள். வேறு இடம் இல்லாமல் அவள் தன் பழைய மிஷின் முன்னால் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தப் பாட்டு ஓடியது. அவள் கவனமெல்லாம் கொக்கியில். கால் மட்டும், யாரும் பார்க்காத நேரம் பார்த்து வேலைக்குத் திரும்பும் ஆள் மாதிரி, மிதியை லேசாக அழுத்தியது. பாட்டு எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக. சக்கரம் சுற்றியது. பட்டறையில் அத்தனை மிஷினும் நின்றுவிட்டன. பாட்டு முடிந்ததும் முதலாளியம்மா எழுந்துபோய், கேசட்டைப் பின்னால் ஓட்டி, அதே பாட்டை மறுபடி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை பட்டறைக்கு வேறு பாட்டு கிடையாது. அந்த வாரக் கடைசியில் கொக்கி அக்கா நேராக ஒரு தையல் போட்டாள்.

பிறகு அவள் தைத்த தையலுக்குக் கணக்கில்லை. ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாமல் இருக்கிறதென்றால், அந்தப் புண்ணியம் அவளைச் சேரும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டி உயிரை விடுவதற்கு முன்னால் மகள்தான் போனை அதன் பக்கத்தில் பிடித்து முழுக் கேசட்டையும் பதிவு செய்தாள். பின்னணியில் மிஷின் சத்தமும், யாரோ டீ கேட்கும் குரலும் சேர்ந்தே பதிவாயின. கொக்கி அக்காவுக்கு அதுவும் பாட்டில் சேர்த்தி.

இடையில் ஒருமுறை ரேடியோவில் அதே பாடகரின் புதிய பாட்டு என்று ஒன்று வந்தது. கேட்டாள். ரேடியோவை அணைத்தாள்.

"இது அவரு இல்ல. யாரோ பொடிப்பய அவரு பேரை வெச்சுக்கிட்டுப் பாடுறான்."

"அம்மா, அவரேதாம்மா. பேரு, ஊரு எல்லாம் சொன்னாங்களே."

"சொல்லுவாங்க. எனக்குத் தெரியாத குரலா?"

அன்றிலிருந்து வீட்டில் உண்மையான பாடகர் ஒருவர், போலி ஒருவர் என்று இருவர் இருந்தார்கள்.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்ன கிளப் ஒன்றில் அவர் பாடப்போகிறார் என்று மகள் டிக்கெட்டோடு வந்து நின்றாள்.

"கிளப்பா?" என்றார் அப்பா. "சீட்டாடுற எடத்துல இவளுக்கு என்ன வேலை?"

"அப்பா, பாட்டுக் கிளப்புப்பா. உக்காந்து கேக்கறது."

"அதை வீட்டுலயே உக்காந்து கேக்கலாமே. சரி சரி, அக்கம்பக்கத்துல மட்டும் கிளப்புக்குப் போறோம்னு சொல்லித் தொலைக்காதீங்க. பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டி என்னுது."

கொக்கி அக்காவின் கவலை வேறு. அந்த மனிதரை நேரில் பார்த்தால் அவள் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாமல் திரும்பி வருவதில்லை என்று முடிவே செய்துவிட்டாள். ஆனால் எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. காப்பி நன்றாயிருந்தால் இன்னொரு டம்ளர் கேட்போம், அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று "நன்றி" என்று சொல்லிப் பார்த்தாள். செய்தி வாசித்து முடித்த மாதிரி இருந்தது. "மிக்க நன்றி" இன்னும் மோசம்.

"என்னங்க, நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க."

"நன்றியுரைன்னா கூட்டத்துல கடைசியா சொல்றது. அதுக்குள்ள ஜனம் எந்திரிச்சுப் போயிருக்கும். அதனால என்ன சொன்னாலும் தப்பில்ல."

கிளப் என்பது டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. ஒன்றுக்கொன்று உறவில்லாத நாற்காலிகள், மூலையில் டீ, ஜூஸ் விற்கும் மேஜை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரை. கொக்கி அக்கா முதலில் பாடகரைத் தேடவில்லை. திரையின் அடி மடிப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம்கூட இல்லை. முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது.

பாடகர் வந்தார். பீரோ வரவில்லை. பீரோவுக்குள் மாட்டும் ஹாங்கர் மாதிரி ஒருவர், மூக்குக் கண்ணாடியோடு, கிட்டாருக்குப் பின்னால் பாதி மறைந்து வந்தார். வயது அறுபது இருக்கும். வாயைத் திறந்தார். அதே போலிக் குரல்.

கொக்கி அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தது பஸ் நிறுத்தப் பாட்டு. வார்த்தைகள் அவளுக்குத் தெரிந்தவை, மெட்டும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று பாடுகிற மனிதர், இந்த பஸ்ஸையே ஓடிப் பிடித்துவிடும் வேகத்தில் பாடினார். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது.

"நாப்பதுல போக வேண்டிய ரோட்டுல அறுபதுல போறாரு" என்று கணவர் காதில் சொன்னார். "கேமரா இருந்தா மாட்டிக்குவாரு."

அவள் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போயிருந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்த நன்றியை யாரிடம் கொடுப்பது? இந்த வேகத்துக்கு அவளுடைய கால் அசைந்திருக்காது. இவர் அந்தப் பாட்டைப் பாடவில்லையென்றால், பாடியது யார்?

பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கி, பாடகர் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது:

"சார், கொஞ்சம் மெதுவா."

சொன்னது தான்தான் என்று தெரிவதற்குள் கொக்கி அக்கா எழுந்து நின்றிருந்தாள். கணவர் தன் செருப்பில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் பாடகர். "என்ன மெதுவா?"

"இந்தப் பாட்டு இப்படி இல்ல சார். நீங்க தப்பா பாடுறீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாடகரும் சிரித்தார். "நான்தாங்கம்மா இதை எழுதினேன்."

"எழுதினது நீங்களா இருக்கலாம் சார். பாடினது வேற மாதிரி."

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து, பழைய பதிவைப் போட்டுவிட்டாள். டயர் கடை மாடி முழுக்க அந்தக் கிணற்றுக் குரல் பரவியது. மிஷின்கள் ஓடின. யாரோ டீ கேட்டார். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அவசரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

பாடகர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாப் பாடுறாரே. யாரு இவரு?"

"நீங்கதான் சார்."

இன்னும் இரண்டு வரி கேட்டதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "பெல்ட்! கேசட் பெட்டியில பெல்ட் தொங்கிப்போயிருக்கு. எவ்வளவு நாளும்மா இப்படிக் கேட்டீங்க?"

"எப்பவும் இப்படித்தான் சார்."

கொக்கி அக்காவுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி. பொடிப்பயல் என்று ஒருவன் கிடையாது. இருப்பது ஒரே ஆள்தான், இதோ எதிரில்தான் நிற்கிறார். இரண்டாவதாக வெட்கம் வந்து உட்காரப் பார்த்தாள். பாடகர் விடவில்லை. முறுக்காணிகளைத் திருகிக் கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

"இந்த அளவு போதுமாம்மா?"

"இன்னும் கீழ சார்."

"இது?"

"ஆங். இதுதான்."

பாடினார். அந்த வேகத்தில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பாட்டை எழுதியவருக்கே தெரிந்திருக்கவில்லை. பெட்டிக்கு மூச்சு வாங்காது, மனிதருக்கு வாங்கும். முதல் நீண்ட வரி முடிவதற்குள் அவர் காற்று தீர்ந்துவிட்டது. வரி அந்தரத்தில் நின்றது. கொக்கி அக்கா நின்ற இடத்திலிருந்தே மீதியைப் பாடி முடித்தாள். பட்டறையில் எல்லோரும் துணி மூலையைத் திருப்பும் இடத்தில் மூச்சு வாங்கித்தான் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். அவளுக்கு அது கைவந்த பாடம். அடுத்த வரியில் பாடகர் அவளைப் பார்த்தார், அவள் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் வாங்கினார். தாளம் போட முடியாத வேகம் என்பதால் கூட்டம் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது. கணவர் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை பஸ் போனதோ, யாரும் எழுந்து போகவில்லை.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் சின்ன வரிசை நின்றது. கொக்கி அக்காவின் முறை வந்தது. ஊசி, விரல், கால், மிதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நிதானத்துக்குப் பேர்போனவள் அன்று மட்டும் அறுபதில் போனாள். பாடகர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ அது என் பாட்டு இல்லையேம்மா," என்றார் கடைசியில். "பெல்ட்டோட பாட்டு. நான் பாடின மாதிரி கேட்டிருந்தா உங்க காலு அசைஞ்சிருக்காதே."

"அதெப்படி சார்? நீங்க வேகமா பாடி வெச்சிருக்கப்போய்த்தானே பெல்ட்டு மெதுவாக்குச்சு. ஒண்ணுமில்லாததை எப்படி மெதுவாக்கும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேசட் விக்கவே இல்லம்மா. பாதி திரும்பி வந்துடுச்சு. யாரும் கேக்கலைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"ஐயோ, நான் சொல்லத்தான் வந்தேன் சார்!"

"இல்லம்மா, நான் முதல்ல..."

"அதெல்லாம் முடியாது சார்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். வேன்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டினார். "யாராவது ஒருத்தர் வழி விடுங்கய்யா. பின்னாடி வண்டி நிக்குது."

பாடகர் வழி விட்டார். "சரி. நீங்க சொல்லுங்கம்மா."

கொக்கி அக்கா வாயைத் திறந்தாள். செய்தி வாசிப்பு மாதிரி இருந்த அந்த வார்த்தை வரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் நல்லா இருக்கேன் சார்," என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."