மூன்றாவது விசிலும் பிலோமினாவின் சுவரும்

இன்று காலை என் அடுப்பில் மூன்று விசில் வந்தது.

எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை!

ஆனாலும் சரியாக மூன்றில் அணைத்தேன். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் சூப். ஐப்பசி பிறந்ததும் திண்டிவனத்தில் மழை பிடித்துக்கொண்டது. முருங்கைக்கீரையை ஆய்ந்துவிட்டுக் காம்பைக் குப்பையில் போடுகிறீர்கள் அல்லவா? போடாதீர்கள். அந்தக் காம்பு ஒரு பிடி, சின்ன வெங்காயம் நாலு, பூண்டு நாலு பல், ஒரு தக்காளி, ஒரு கை பாசிப்பருப்பு, தட்டிய மிளகும் சீரகமும், உப்பு. குக்கரில் மூன்று விசில். மசித்து வடிகட்டி, ஒரு ஸ்பூன் கேப்பை மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. இரண்டு டீ குடிக்கிற காசுகூட ஆகாது.

(சோள மாவுதான் போட வேண்டும் என்று போன வருடம் கமென்டில் பாடம் எடுத்த அம்மையார் இந்த வருடமும் எடுக்கலாம். நான் கேட்க மாட்டேன்!)

மூன்று விசில்தான். நாலாவது போனால் காம்பு கசந்துவிடும்.

நான் தனியாள். குடியிருப்பது வரிசை வீட்டில். எனக்கும் பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் என் சமையல்கட்டு, அந்தப் பக்கம் அவளுடையது. அவள் குடி வந்த நாளிலிருந்து, நாலு வருடம், சாக்கடைத் தண்ணீர் யாரால் தேங்குகிறது என்று எங்களுக்குள் சண்டை.

அந்த நாலு வருடமும் நான் சூப் வைக்கும்போதெல்லாம் அவள் பூரிக்கட்டையால் சுவரை மூன்று முறை இடிப்பாள். என் பக்கம் ஆணியில் தொங்கும் கரண்டிகள் ஆடும்.

நான் விடுவேனா? அடுப்பை அணைத்துவிட்டு நேராக அவள் வாசலுக்குப் போவேன்.

"ஏம்மா, செவுத்த இன்னாத்துக்கு இடிக்கிற?"

"உன் மண்டைய இடிக்க முடியலியே, அதான்! போய் சூப்பக் குடி பெருசு, ஆறிடப் போவுது!"

திரும்பி வந்து குடிப்பேன். பக்குவம் அருமையாக இருக்கும். என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் பிலோமினா செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு முறை என் குக்கர் கருகியது. இரண்டாம் முறை வால்வு தெறித்து, புகை தெருமுனை வரைக்கும் போனது.

வீட்டைக் காலி செய்து வெள்ளையடிக்க வந்த அவள் மகள் ஸ்டெல்லாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, அம்மா சண்டைக்கு இடிக்கல மாமா. உங்களுக்கு விசில் கேக்கறதில்ல. கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் உங்க காதுல ஏறல, டம்முனு இடிச்சாதான் ஏறுதுன்னு அம்மா கண்டுபுடிச்சிச்சு. நேர்ல சொன்னா நீங்க ஒத்துப்பீங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. அவளிடமும் சண்டை போட்டு அனுப்பினேன்!

இன்று காலை சென்னையிலிருந்து என் மகன் வந்து நின்றான். புகைச் செய்தி அவனுக்குப் போயிருக்கிறது. கையில் ஒரு காலிப் பெட்டி. என் துணிமணிக்காம்.

"வூட்ட பூட்டிக்கினு எங்கூட வாப்பா. குக்கர் வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"நான் எங்கயும் வரல. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"அப்ப எம்முன்னாடி சூப் வை. மூணு விசில்ல அணைச்சிட்டா நான் வாய மூடிக்கினு போயிடறேன். இல்லாட்டி ரெண்டு மணி பஸ்ல நீயும் வர்ற."

வெயிட் ஆடுவதைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று குக்கர் முன்னால் நின்றேன். அவனும் என் மகன்தானே!

"அங்க நிக்காத. இப்டி வந்து குந்து."

அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தான். எனக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது வருடம் இருந்த வீடு. திறந்து கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம். டம். டம்.

கரண்டிகள் ஆடின.

கால் தானாக எழுந்தது. பழக்கம்! போய் அணைத்தேன்.

மகன் வாயைப் பிளந்தான். "கரெக்டா மூணு! சரிப்பா, நீ ஜெயிச்ச."

சூப்பைக் குடித்தான். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"பக்கத்து வூட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா? செவுத்தப் போட்டு இந்த இடி இடிக்கிறாங்க!"

அதுவரை அந்த இடி என் பழைய நினைப்பு என்றே இருந்தேன். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"வந்துட்டாங்க," என்றேன்.

அவன் காலிப் பெட்டியோடு பஸ் ஏறிய பிறகு போய்ப் பார்த்தேன். ஸ்டெல்லா போட்ட பூட்டு மழையில் துருவேறித் தொங்கியது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். உள்ளே ஒரு சாமான் இல்லை. தரையில் படிந்த தூசியில் ஒரு காலடி இல்லை.

ஆனால் புதிதாக வெள்ளையடித்த அந்த நடுச்சுவரில், ஒரு பெண்பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், மூன்று இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

மீதமிருந்த சூப்பை ஒரு டம்ளரில் ஊற்றி அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். (பயந்து அல்ல. மரியாதைக்கு!)

மகன் இதைப் படிக்க மாட்டான். என் அரசியல் பதிவுகளைத் தாங்க முடியாமல் போன வருடமே என்னை பிளாக் செய்துவிட்டான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

காது விஷயத்தில் பிலோமினா கண்டுபிடித்தது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

சாக்கடை விஷயத்தில் தப்பு அவள்மேல்தான். அதில் மாற்றமே இல்லை!

இந்த வரியை அடித்து முடித்த உடனே,

டம். டம். டம்.

கரண்டிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

அடுப்பில் ஒன்றுமே இல்லை. சிலிண்டரைக்கூட மூடிவிட்டேன்.

எதை அணைக்கச் சொல்கிறாள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் ஜல்தியாகச் சொல்லுங்கள்.